கமடோர் 64: விளக்கு எரிகிறது, திரை கருப்பாகவே நிற்கிறது

கேள்வி:
வீசியெறியப்பட்ட பொருட்களிடையே கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்று, அதன் மின்வழங்கியுடன் கிடைத்தது. இணைத்துப் பார்த்ததில் சிவப்பு விளக்கு எரிகிறது. திரையிலோ நீல நிறமும் இல்லை, எழுத்தும் இல்லை. சாலிடரிங் ஓரளவு பழக்கம் உண்டு. எந்தச் சிப்பை முதலில் சந்தேகிப்பது?

பதில் 1:
சிப்பை விடுங்கள், முதலில் அந்த மின்வழங்கியைக் கழற்றுங்கள். 1982இல் வெளிவந்த இக்கணினிக்கு 5 வோல்ட் நேர்திசை மின்சாரமும் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரமும் தேவை. பழைய மின்வழங்கிகள் பலவற்றின் உட்புறம் பிசின் ஊற்றி அடைக்கப்பட்டிருப்பதால், வெப்பம் வெளியேற வழியின்றி, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சீராக்கி நலிந்து, 5 வோல்ட்டைத் தாண்டிய அழுத்தத்தை அனுப்பி நினைவகச் சிப்புகளைப் பலிவாங்கிவிடுகிறது. மல்டிமீட்டர் 5.25க்கு மேல் காட்டினால் அது குப்பைக்குத்தான். சரியாகக் காட்டினாலும் நான் நம்பமாட்டேன்; புதிதாகத் தயாரிக்கப்பட்ட ஒன்றை வாங்குவதே நல்லது.

பதில் 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. அதன் பிறகும் திரை கருப்பாகவே இருந்தால், பிஎல்ஏ சிப்பும் (எந்த நேரத்தில் எந்தச் சிப் இயங்கவேண்டும் என்று தீர்மானிப்பது) நினைவகமும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜைச் (பழுதைக் கண்டறியும் நிரல் அடங்கிய செருகுபெட்டி) செருகினால், நினைவகம் பழுதாக இருக்கும்போது திரை விட்டுவிட்டு மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்பதைக் கொண்டு, பழைய பலகைகளிலுள்ள 8 சிப்புகளில் எது கெட்டது என்று கண்டுபிடிக்கலாம். சிப்பை முழுதாகப் பிடுங்க முயலாமல், கால்களை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாகச் சூடேற்றி எடுங்கள், இல்லையேல் செப்புத் தடம் கூடவே பெயர்ந்துவரும். புதியதைச் சாக்கெட்டில் பொருத்துங்கள்.

கேட்டவர்:
அளந்தேன், 6 வோல்ட்டை நெருங்குகிறது. புதிய மின்வழங்கி வந்ததும் கார்ட்ரிட்ஜைச் செருகிப் பார்க்கிறேன்.