மின்சார கிரில்லின் கீழ்த்தட்டு பாதி மட்டுமே சூடாகிறது: உதவி தேவை

சென்னையில் எங்கள் வீட்டில் பயன்படுத்தும் மின்சார கிரில்லில், கீழ்த்தட்டின் பின்பாதி நன்கு சூடானாலும் முன்பாதி வெதுவெதுப்பாகவே நின்றுவிடுவதால், வஞ்சிரத் துண்டுகள் ஒருபுறம் கருகி, மறுபுறம் வேகாமல் கிடக்கின்றன. மேலும் கீழும் தனித்தனிச் சூடேற்றும் கம்பியும், கழற்றிக் கழுவக்கூடிய நான்ஸ்டிக் அலுமினியத் தட்டும் கொண்ட 2000 வாட் மாடல் இது. சென்ற ஆண்டு பொங்கலுக்கு வாங்கியது; ஓராண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டது. கோளாறு இந்த மாசியில் தொடங்கியது.

இரு தட்டுகளும் ஒரே அளவு என்பதால் இடம் மாற்றிப் பார்த்தேன். குறை கீழேயே இருப்பதால் தட்டில் பழுதில்லை. எக்ஸ்டென்ஷனைத் தவிர்த்து, 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகினேன். மின் இணைப்பைத் துண்டித்து, ஆறவிட்டு, கம்பியில் படிந்திருந்த எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தேன். தட்டைப் பிடிக்கும் கிளிப்புகளும் இறுக்கமாகவே உள்ளன. சர்வீஸ் மையத்தில் கீழ்ப்பகுதி முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவு புதிய கிரில்லின் விலையை நெருங்குகிறது. மீன் வாடை தங்காமல் தட்டைத் தனியே கழுவ முடிகிற இக்கருவியை எளிதில் விட மனமில்லை.

கம்பி அறுந்திருந்தால் தட்டு முழுவதுமே குளிர்ந்திருக்கும் என்பதால், அது முன்புறம் தாழ்ந்து தட்டைத் தொடாமல் இருக்கலாம் என்று கருதுகிறேன். அப்படியானால், அந்தக் கம்பியை மட்டும் பாதுகாப்பாகச் சரிசெய்யவோ மாற்றவோ முடியுமா?