பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியில் தங்கச் சங்கிலி மட்டும் அகப்படாதது ஏன்?

கேள்வி:
வணக்கம். 25 செ.மீ. விட்டமுள்ள காயிலைக் (கம்பிச்சுருளைக்) கொண்டு பல்ஸ் இண்டக்‌ஷன் முறையில் இயங்கும் உலோகங்காட்டி ஒன்றை வீட்டிலேயே செய்திருக்கிறேன். செம்பு-நிக்கல் கலந்த பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை 15 செ.மீ. தொலைவிலேயே கண்டு ஒலிக்கும் கருவி, அதைவிட எடை மிகுந்த தங்கச் சங்கிலியைக் காயிலின் மேலேயே வைத்தாலும் வாய் திறப்பதில்லை. அக்கலவையைவிடத் தங்கம் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? காயிலில் செலுத்தும் மின்துடிப்பு நின்று 40 மைக்ரோவிநாடி கழித்துச் சைகையை அளக்கிறேன்.

மறுமொழி 1:
கடத்துதிறனை மட்டும் பார்ப்பதில்தான் பிழை இருக்கிறது. காயிலில் ஓடும் மின்னோட்டத்தை மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச் சட்டென்று துண்டித்ததும் காந்தப்புலம் சரிய, அந்தச் சரிவை எதிர்க்கும் வகையில், லென்ஸ் விதிப்படி, அருகிலுள்ள உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அதை ஊட்டுவதற்கு மின்கலம் ஏதும் இல்லாததால் உலோகத்தின் மின்தடையே அதைத் தேய்த்துவிடுகிறது. அது தேயும்போது காயிலில் தூண்டப்படும் நுண்ணிய மின்னழுத்தத்தைத்தான் உங்கள் கருவி அளக்கிறது. தேய்வின் கால மாறிலி, அதாவது ஓட்டம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதன் அளவு, மின்னோட்டம் சுற்றும் பாதையின் தன் மின்தூண்டல் எண்ணை (ஓட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்பின் அளவை) அதன் மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. ஆகவே பாதை அகலமாக இருந்தால் ஓட்டம் நெடுநேரம் நீடிக்கும். நாணயத்தில் முழு வட்டமும் பாதையாகிறது. சங்கிலியிலோ கண்ணிகள் ஒன்றையொன்று புள்ளியளவில்தான் தொடுகின்றன என்பதால், ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியே சுழன்று, இரண்டு மூன்று மைக்ரோவிநாடியில் ஓட்டம் அடங்கிவிடும். நீங்கள் 40-இல் எட்டிப் பார்க்கிறீர்கள். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த விருந்தாளியின் கதைதான். செம்புக் கம்பியை வளையமாக்கி, முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து ஒருமுறையும், வளையத்தை வெட்டி மறுமுறையும் சோதித்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
அளக்கும் நேரத்தை 10 மைக்ரோவிநாடிக்கு அருகே கொண்டுவரலாம், ஆனால் காயில் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். துண்டிக்கும் கணத்தில் காயிலிலேயே எழும் சில நூறு வோல்ட் அடங்கிய பிறகே மைக்ரோவோல்ட் அளவிலான சைகை தெரியும். காயிலுக்கு இணையாக உள்ள தணிப்பு மின்தடையின் (அந்த எழுச்சியை அடக்கும் மின்தடையின்) மதிப்பு மிகுந்தால் மின்னழுத்தத்தின் அலைவு நீளும், குறைந்தால் சரிவு மந்தமாகும். எனாமல் கம்பியை நெருக்கிச் சுற்றுவதைக் காட்டிலும், தடித்த டெஃப்லான் உறையுள்ள கம்பியைச் சுற்றினால் சுற்றுகளுக்கிடையே மின்னூட்டம் தேங்கும் அளவான மின்தேக்குத்திறன் குறைந்து, காயில் விரைவில் ஓயும். கடற்கரையில் தேடுவதாக இருந்தால் மிகவும் முந்திப் போகாதீர்கள். உப்புநீர் ஊறிய மணலின் சுழல் மின்னோட்டமும் அந்தத் தொடக்க நேரத்தில்தான் குறுக்கிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முழு வளையம் தொலைவிலேயே ஒலித்தது, வெட்டியதும் ஓசையே இல்லை. காயிலை மாற்றிச் சுற்றி, 12 மைக்ரோவிநாடியில் அளந்தபோது சங்கிலியும் மிக நெருக்கத்தில் முனகியது. ஆனால் கூர்ந்து பார்த்தால், முனகல் வருவது கண்ணிகள் உள்ள பக்கத்திலிருந்து அன்று, பதக்கம் தொங்கும் பக்கத்திலிருந்துதான்.