உம்மாவின் நகைக்கு ஸகாத்: யாரிடம் கேட்பது?

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவிடம் 15 பவுன் இருக்கிறது. காசுமாலை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தினமும் போடுகிற நகைதான். ஸகாத் (கட்டாய தர்மம்) உண்டா என்று இணையத்தில் தேடப்போய்க் குழம்பிவிட்டேன். தேவ்பந்த் தாருல் உலூமின் இணைய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) 'உண்டு' என்கிறது, அது ஹனஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு). எகிப்தில் ஃபத்வா கொடுக்கும் அமைப்பான தாருல் இஃப்தா, அணியும் நகைக்கு இல்லை என்கிறது. நாங்கள் காயல்பட்டினம், ஷாஃபி மத்ஹப். யூடியூபில் ஒரு ஹஸ்ரத், 85 கிராம் இருந்தாலே கொடு என்கிறார். மத்ஹப் பற்றிப் பேச்சே இல்லை. "செல்போன்ல மார்க்கம் கேக்காதே" என்று உம்மா வேறு. (பள்ளிவாசல் ஆலிமிடம் நகைக் கணக்கைச் சொல்லவும் அவருக்குக் கூச்சம்!)

ஷாஃபி ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) ஓதிய ஆலிம் யாராவது வாட்ஸப்பில் தமிழில், நம் விவரம் கேட்டுப் பதில் சொல்வார்களா? தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், பெட்டியிலேயே கிடக்கும் அந்தக் காசுமாலைக்கும் இதே சட்டம்தானா? ரமளானுக்குள் தெரிந்தால் நல்லது.