அம்மாவுக்கு டெஸ்டோஸ்டிரோன் 236, ஸ்கேன் நார்மல்: இதை அப்படியே விடலாமா?

தேனிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. மாதவிடாய் நின்று ரொம்ப வருடம் ஆகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார், வேறு பெரிய வியாதி இல்லை. போன தீபாவளிக்கு அப்புறம்தான் தாடையிலும் மேலுதட்டிலும் முடி கருகருவென்று வளர ஆரம்பித்தது. தலையில் முடி கொட்டி, நெற்றி இரண்டு ஓரமும் ஏறிவிட்டது. மார்கழி பஜனையில் அம்மாதான் எடுத்துக் கொடுத்துப் பாடுவார். இந்த வருடம் மேலே குரல் எட்டாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தோம். இப்போது போனை எடுத்து ஹலோ சொன்னால், "சார், மேடம் இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோனான மொத்த டெஸ்டோஸ்டிரோன் 236 நானோகிராம்/டெசிலிட்டர் வந்திருக்கிறது. பெண்களுக்கு 50க்குள் இருக்க வேண்டும் என்று அதே தாளில் போட்டிருக்கிறது. டி.ஹெச்.இ.ஏ.எஸ். (ஆண் ஹார்மோன் வகையில் இன்னொன்று) 74, டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டுவது) 0.21, எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையைத் தூண்டுவது) 11. வயிற்று ஸ்கேனில் சினைப்பைகள் வயதுக்கேற்ற அளவு, கட்டி எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்த டாக்டர், ஸ்கேன் நார்மலாக இருக்கிறது, வயதானால் சிலருக்கு இப்படி வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பா மகன், லேபில்தான் ஏதோ தப்பு என்கிறான். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

மொட்டைமாடி:

பயப்படாதீங்க சிஸ்டர். என் அக்காவுக்கும் பி.சி.ஓ.டி.யில் (சினைப்பை நீர்க்கட்டி) டெஸ்டோஸ்டிரோன் கூடித்தான் இருந்தது. தினமும் புதினா டீ குடித்தார், இப்போது பரவாயில்லை.

சோதனைக்குழாய்:

மொட்டைமாடி தம்பி, டீ குடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் இருபதுகளில் வரும் பி.சி.ஓ.டி.யும் 58 வயதில் ஒரே வருடத்தில் குரல் உடைவதும் ஒன்றில்லை.

நான் மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனை லேபில் உயிர்வேதியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பி.சி.ஓ.டி.யில் டெஸ்டோஸ்டிரோன் கூடினாலும் பெரும்பாலும் 150க்குள் நின்றுவிடும். 150, 200 என்று தாண்டினால் சினைப்பையிலோ சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலோ ஆண் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று தேடுவதுதான் வழக்கம். தாண்டிய எல்லாருக்கும் கட்டி இருக்கும் என்று அர்த்தம் இல்லை. இருக்காது என்று நிரூபிக்கிற பொறுப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். எண்ணைவிட வேகம் முக்கியம். வருடக்கணக்கில் மெல்ல வளரும் முடி ஒரு கதை, சில மாதத்தில் முடி, வழுக்கை, குரல் மூன்றும் சேர்ந்து மாறுவது வேறு கதை.

ஆனால் உங்கள் சித்தப்பா மகன் சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். முடி கொட்டுகிறது என்று அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? முக்கியமாக பயோட்டின் என்ற பி வைட்டமின். சில மெஷின்களில் பரிசோதனை பயோட்டினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை நம்பித்தான் நடக்கிறது. ரத்தத்தில் பயோட்டின் நிறைய மிதந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்போது டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசால் (அட்ரீனலின் ஸ்டீராய்டு ஹார்மோன்) போன்றவை பொய்யாகக் கூடித் தெரியும். டி.எஸ்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்து தெரியும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017லேயே இதற்கு எச்சரிக்கை விட்டது. உங்கள் தாளில் டி.எஸ்.ஹெச். 0.21 என்று குறைவாகப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மாதவிடாய் நின்றவருக்கு எஃப்.எஸ்.ஹெச். 30க்கு மேல் தாராளமாக இருக்க வேண்டும், 11 என்பதும் இடிக்கிறது.

இன்னொன்று, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தேனிக்காரி:

சோதனைக்குழாய் அம்மா, நீங்கள் கேட்டது சரியாகப் போய் நிற்கிறது. தங்கை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த முடி மாத்திரை டப்பாவைத் தேடி எடுத்தேன். பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறது, தினமும் காலையில் ஒன்று. அப்படியானால் 236 பொய்தானா?

ஹீமோகுளோபின் 16.1. அம்மாவுக்கு எப்போதும் 11ஐ ஒட்டித்தான் இருக்கும். உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்!

சோதனைக்குழாய்:

அந்த 16.1தான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டிய பயோட்டின் 30 மைக்ரோகிராம் போல. 10,000 என்றால் அப்படிப்பட்ட மெஷினைக் குழப்பலாம். ஆனால் பயோட்டின் மெஷினைத்தான் ஏமாற்றும், எலும்பு மஜ்ஜையை ஏமாற்றாது. டெஸ்டோஸ்டிரோன் நிஜமாகவே கூடினால் சிவப்பணு உற்பத்தி கூடும். இரும்புச்சத்து மாத்திரை கூடப் போடாத பெண்ணுக்கு 11லிருந்து 16 என்றால் உள்ளே ஏதோ வேலை நடக்கிறது. குரலும் அப்படித்தான், தாளில் அச்சான எண்ணால் குரல்நாண் தடிக்காது. அதனால் மெஷின் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கலாம், ஆனால் எல்லாமே பொய்யாக இருக்க வழியில்லை.

மாத்திரையை நிறுத்துங்கள். இரண்டு நாள் போதும் என்பார்கள், நான் நான்கு நாள் விடச் சொல்வேன். அப்புறம் காலை எட்டு, ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுங்கள். டெஸ்டோஸ்டிரோனை எல்.சி. மாஸ் ஸ்பெக் முறையில் (மூலக்கூறின் எடையை வைத்து அளப்பது) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண முறை ஆண்களின் பெரிய அளவுகளுக்குச் சரியாக வரும், பெண்களின் சின்ன அளவுகளில் தடுமாறும். மாஸ் ஸ்பெக்கில் பயோட்டின் தொல்லையும் கிடையாது. உங்கள் ஊரில் மெஷின் இல்லாவிட்டாலும் பெரிய லேப்களின் கிளைகள் சாம்பிள் எடுத்து சென்னைக்கோ மும்பைக்கோ அனுப்பிவிடுவார்கள். முடிவு நானோமோல்/லிட்டரில் வந்தால் 28.8ஆல் பெருக்குங்கள், உங்கள் பழைய அலகு கிடைக்கும். (மாதவிடாய் உள்ளவர்கள் இதைப் படித்தால்: நீங்கள் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் கொடுப்பது நல்லது, கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.)

டி.ஹெச்.இ.ஏ.எஸ். ஏறக்குறைய முழுக்க அட்ரீனலில் இருந்து வருவது. அட்ரீனல் கட்டியில் அது 700, 800 என்று எகிறும். பயோட்டின் இதையும் கூட்டித்தான் காட்டும், அப்படியும் 74 என்றால் சந்தேகம் சினைப்பைப் பக்கம் சாய்கிறது. முழுசாக அட்ரீனலை விட்டுவிடக் கூடாது, டெஸ்டோஸ்டிரோனை மட்டும் சுரக்கும் அட்ரீனல் கட்டி அபூர்வமாக உண்டு. கார்ட்டிசாலுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து ஒரு சோதனை செய்வார்கள். ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் மாத்திரை, காலை 8 மணிக்கு ரத்தம், கார்ட்டிசால் 1.8க்குள் இறங்க வேண்டும்.

இதையெல்லாம் எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். மகப்பேறு டாக்டரிடம் நிற்காமல் அவரைப் பாருங்கள்.

நூல்கண்டு:

நான் இதை அனுபவித்தவள் என்பதால் எழுதுகிறேன். எனக்கு அப்போது 31 வயது. மாதவிடாய் நின்றது, மீசை வந்தது, பி.சி.ஓ.டி. என்று கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் இறங்கியது, எல்லாரும் நிம்மதியானோம். கட்டியில் இருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனும் சில சமயம் அந்த மாத்திரைக்கு அடங்கும் என்று பிறகு வேறொரு டாக்டர் விளக்கினார். மாத்திரையை விட்டதும் 340. எம்.ஆர்.ஐ.யில் இடது சினைப்பையில் கட்டி. ஆண் ஹார்மோன் சுரக்கும் ஸெர்ட்டோலி-லேடிக் செல் கட்டி என்று பயாப்ஸி வந்தது. அந்தப் பக்கம் மட்டும் எடுத்தார்கள். மாதவிடாய் தானாகத் திரும்பியது, அப்புறம் பையன் பிறந்தான்.

தேனிக்காரி அக்கா, அம்மாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முடி மெதுவாகக் குறையும், எனக்கு லேசர் தேவைப்பட்டது. குரல் திரும்பவில்லை. பாடுகிறவர் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

தேனிக்காரி:

முடிவுகள் வந்துவிட்டன. டி.எஸ்.ஹெச். 2.3, அதாவது நார்மல். மாஸ் ஸ்பெக்கில் டெஸ்டோஸ்டிரோன் 221. எஃப்.எஸ்.ஹெச். 13தான். டெக்ஸாமெத்தசோனுக்குப் பிறகு கார்ட்டிசால் 1.1. எண்டோகிரைன் டாக்டர் அட்ரீனலுக்கு சி.டி.யும் சினைப்பைக்கு எம்.ஆர்.ஐ.யும் எழுதியிருக்கிறார். அதிலும் தெரியாவிட்டால்?

சோதனைக்குழாய்:

டி.எஸ்.ஹெச். சரியானதால் பயோட்டின் விளையாடியது நிச்சயம். டெஸ்டோஸ்டிரோன் இறங்காததால் அது நிஜம் என்பதும் நிச்சயம். எஃப்.எஸ்.ஹெச். இன்னும் 13இல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது, அதிக ஹார்மோன், எஃப்.எஸ்.ஹெச்.ஐச் சுரக்கும் மூளையடி பிட்யூட்டரி சுரப்பியை அமுக்கி வைத்திருக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் லேடிக் செல் கட்டி (டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் கட்டி) பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், சினைப்பையின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும். அதனால்தான் சாதாரண ஸ்கேன் நார்மல் என்றதும் நான் சமாதானம் ஆகவில்லை. கட்டியே இல்லாமல் இரண்டு சினைப்பையின் உள்திசுவும் தடித்து இதே அளவு ஹார்மோன் சுரப்பதும் உண்டு, ஹைப்பர்தெக்கோசிஸ் என்பார்கள். சர்க்கரை, உடல்பருமனோடு சேர்ந்து வரும், ஆனால் வேகம் குறைவு. படத்தில் ஒன்றும் பிடிபடாவிட்டால் சினைப்பை, அட்ரீனல் ரத்தக்குழாய்களில் தனித்தனியாக ரத்தம் எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. கஷ்டமான வேலை, கைப்பழக்கம் உள்ள ரேடியாலஜிஸ்ட் வேண்டும், எல்லா ஊரிலும் நடக்காது. அம்மா வயதில் அட்ரீனல் சுத்தமாக இருந்தால் பல டாக்டர்கள் அந்த வழிக்குப் போகாமல், லேப்ராஸ்கோப்பியில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடலாம் என்பார்கள். கட்டியோ தடிப்போ, இரண்டுக்கும் அதுவே வைத்தியம்.

ஆபரேஷன் முடிவானால் அதற்கு முன் ஒரு தடவையும், முடிந்து ஒன்றிரண்டு வாரத்திலும் டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். இரண்டு சாம்பிளும் ஒரே லேப், ஒரே முறை. தங்கையின் டப்பாவை அதுவரைக்கும் அலமாரியில் பூட்டிவையுங்கள்.

தேனிக்காரி:

பூட்டியாயிற்று. வியாழக்கிழமை எம்.ஆர்.ஐ. அம்மாவிடம் நூல்கண்டு சொன்ன குரல் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, மீசை போகுமில்ல? அது போனா போதும்" என்றார்.