பொம்மை கையில் வந்ததும் கதை நின்றுவிடுகிறது

கேள்வி:
மகளுக்கு ஆறு வயது. சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையை வாயால் அழகாகச் சொல்கிறாள். காலுறையில் செய்த ஓநாயைக் கையில் மாட்டினால் மட்டும் ஓநாயும் பாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கதை நகர்வதில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
முதல் இரண்டு நாள் சண்டை போடட்டும், பொம்மையோடு பழகும் நேரம் அது. என் வகுப்பில் கதையை நான்கு படங்களாக வரையச் சொல்வேன்: வீடு, காடு, பாட்டி வீடு, முடிவு. அவற்றைத் தரையில் வரிசையாக வைத்து, பொம்மையைப் படம் படமாக நடத்திப் போகச் சொல்வேன். அடுத்த படம் கண்ணில் பட்டால் அடுத்த வரி வந்துவிடும். அப்புறம், அவளுக்கு ஒரு பொம்மை போதும். இரண்டு கை, இரண்டு குரல் என்றால் இந்த வயதுக்குப் பெரிய பாரம். பாட்டியாக நீங்கள் பேசுங்கள். பேசும் பொம்மை மட்டும் அசையட்டும்.

மறுமொழி 2:
முடிவை மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ வெளியிட்ட கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். 1812இல் வந்த, ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களின் கதையில் வேட்டைக்காரர் காப்பாற்றுகிறார்.

கேட்டவர்:
படங்கள் வரைந்தாயிற்று. இன்று ஓநாய் காட்டைத் தாண்டிவிட்டது!