எக்செல் சார்ட்டில் கோடு ஏன் சுழியத்துக்கு விழுகிறது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் பால் சொசைட்டியின் தினசரி கொள்முதல் கணக்கை எக்செலில் நான்தான் பார்க்கிறேன். நாள் சேரச் சேர சார்ட் தானாக நீள, ஆஃப்செட் (வேண்டிய அளவுக்கு செல்களை எடுத்துத் தரும் ஃபார்முலா), கவுண்ட்ஏ (காலியில்லாத செல்களை எண்ணும் ஃபார்முலா) வைத்து தேதிக்கும் லிட்டருக்கும் தனித்தனி நேம், அதாவது அந்தச் செல்களைக் குறிக்கும் பெயர், கொடுத்தேன். சார்ட்டுக்கான எண்கள் எங்கே என்று காட்டும் சீரிஸ் வேல்யூஸ் பெட்டி வெறும் பெயரை ஏற்கவில்லை. முன்னால் ஷீட் பெயரும் ஆச்சரியக்குறியும் சேர்த்த பிறகுதான் ஏற்றது. அதற்கே ஒரு ராத்திரி போனது.

இப்போது சிக்கல் வேறு. 18ஆம் தேதி வரைதான் பதிவு இருக்கிறது. கோடோ அதற்கப்புறம் சுழியத்துக்குச் சரிந்து 31 வரை தரையோடு ஓடுகிறது. கொடுத்த பெயர்களைப் பட்டியலிடும் நேம் மேனேஜரில் ஃபார்முலா மேல் கிளிக் செய்தால், ஓடும் புள்ளிக்கோடு 32ஆவது வரிசை வரை சுற்றுகிறது. லிட்டர் பத்தியில் மாதம் முழுக்க, பதிவு இல்லாத நாளை வெற்றாகக் காட்டும் இஃப் ஃபார்முலா இழுத்து வைத்திருக்கிறேன். கண்ணுக்கு வெற்றாகத் தெரிந்தாலும் கவுண்ட்ஏ அதையும் எண்ணிவிடுகிறது. எண்களை மட்டும் எண்ணும் கவுண்ட் என்று மாற்றினால் லிட்டர் சரியாகிறது, முன்கூட்டியே நிரப்பிய தேதி மட்டும் 31லேயே நிற்கிறது.

தேதி நேமையும் லிட்டர் எண்ணிக்கையையே பின்பற்ற வைக்கலாமா? நடுவில் ஒரு நாள் காலியாக இருந்தால் எண்ணிக்கை ஒன்று குறைந்து கடைசி நாள் விடுபடுமே, அதற்கு என்ன வழி? பேசாமல் வரிசை சேரச் சேர தானே நீளும் எக்செல் டேபிளாக மாற்றிவிடுவதே நல்லதா? காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் சுவரில் ஒட்டிய இந்த சார்ட்டைப் பார்த்துதான் கேள்வி கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் ஃபார்முலாவோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.