வளைகாப்புக்கு மாப்பிள்ளை வருவாரா

தாரணி: அவர் விமானம் ரத்து. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் லெவோதோபி எரிமலை மறுபடி வெடித்து, சாம்பல் பாலி வரை வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைக்குள் திருச்சி வந்து சேர்வது சந்தேகம் 😭

கனகா அத்தை: அய்யோ

மணி மாமா: கல்யாணத்தன்றும் முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதானே வந்து இறங்கினார்

சாந்தி சித்தி: அது வேன் பழுது. இன்னுமா மாமா அதே பேச்சு?

மணி மாமா: சாம்பலுக்கெல்லாமா விமானத்தை நிறுத்துவார்கள்

பெரியப்பா: மணி, அது அடுப்புச் சாம்பல் இல்லை. பொடியாய்ப் போன பாறையும் கண்ணாடியும். என்ஜின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982இல் ஜாவா மேல் பறந்த ஜம்போ விமானத்தில் நான்கு என்ஜினும் நின்று, கீழே இறங்கின பிறகுதான் மறுபடி ஓடின. அப்புறம், லெவோதோபி என்பது ஆண் மலை, பெண் மலை என்று இரட்டை. இப்போது வெடிப்பது ஆண் மலை.

கனகா அத்தை: அதுதானே 😂

சாந்தி சித்தி: 😂😂

கனகா அத்தை: பாட்டியின் பித்தளை அண்டா யாரிடம் இருக்கிறது? சாதம் ஏழு வகை

சாந்தி சித்தி: பெரியம்மா வீட்டுப் பரணில் பார்த்த ஞாபகம்

பெரியப்பா: பாலிக்குக் கிழக்கே லொம்போக், அதற்கடுத்து சும்பாவா. அங்கே 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்தது. சாம்பல் மூடி வயல் போய், பாலியிலும் லொம்போக்கிலும் பஞ்சம். மலையடிவாரத்தில் இருந்த தம்போரா என்ற சிற்றரசே புதைந்தது, அந்த ஜனங்கள் பேசின மொழியில் இன்று மிஞ்சியது சுமார் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். கந்தக வாயு மேல் வானத்துக்குப் போய் நுண்துளியாகி வெயிலை மறைத்ததால் அடுத்த வருடம் அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி கொட்டியது, ஐரோப்பாவில் பயிர் அழுகியது, சீனாவின் யுன்னானில் குளிரில் நெல் விளையவில்லை. நம் பருவமழையும் தடுமாறியது.

மணி மாமா: காலையிலேயே வகுப்பா

தாரணி: பெரியப்பா, அவர் அங்கே தனியாக இருக்கிறார், பயமுறுத்தாதீர்கள்

பெரியப்பா: இது சின்ன வெடிப்பு கண்ணு, அதோடு ஒப்பிடவே கூடாது. சுமத்ராவில் தோபா 74,000 வருடம் முன் வெடித்ததே, அந்தச் சாம்பல் ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் இன்னும் படிவமாகக் கிடக்கிறது. அதற்குக் கீழேயும் கல்லாயுதம், மேலேயும் ஏறக்குறைய அதே மாதிரி கல்லாயுதம். அதையே தாங்கியிருக்கிறார்கள்.

கனகா அத்தை: அந்தச் சாம்பல் கொஞ்சம் கிடைத்தால் அண்டாவைத் தேய்க்கலாம். அண்டா கிடைத்தால்.

சாந்தி சித்தி: 🤭

பெரியப்பா: எங்கள் பரணில் இல்லை. மணி மகள் காதுகுத்துக்கு வாங்கிப் போனது.

மணி மாமா: திருப்பிக் கொடுத்துவிட்டேன்

பெரியப்பா: யாரிடம்?

சாந்தி சித்தி: வளையல் அடுக்குவது நாம்தானே, மாப்பிள்ளை இல்லாவிட்டால் என்ன? தேதியை மாற்ற வேண்டாம்

கனகா அத்தை: சம்பந்தியம்மா ஒப்புக்கொள்வாரா? ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் பார்க்கலாம் என்று தோன்றுகிறது

தாரணி: ஒன்பதில் எனக்கு உட்காரவே முடியாது அத்தை

தாரணி: நாளை காலை சிங்கப்பூர் வழியாக ஒரு விமானம் காட்டுகிறதாம். காற்று திசை மாறினால் போகுமாம்

கனகா அத்தை: சரி, சமையல்காரரிடம் நாளை சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லி வைக்கிறேன்

பெரியப்பா: மணி, யாரிடம் கொடுத்தாய்?

சாந்தி சித்தி: மாமா படித்துவிட்டார், நீல டிக் வந்துவிட்டது